எத்தனை வருஷத்துக்கு?

மனைவியின் தையல் கடைக்கு ஒருவழியாக இணையதளப் பெயர் அமைகிறது. ஐந்து பெயர்களுக்குக் கைவிரித்த திரையில் இப்போது பச்சை டிக். ஜன்னல் வெயில் லேப்டாப் மேல் சாய்ந்து விழுகிறது. அடியில் முட்டுக்கொடுத்திருப்பது அவளுடைய ஆஸ்பத்திரி ஃபைல். எத்தனை வருஷத்துக்குப் பதிவு என்று திரை கேட்கிறது. அவன் யோசிக்காமல் பத்தைத் தொடுகிறான். முடி கொட்டிய தலையில் கட்டிய துணியை இழுத்துவிட்டபடி அவள் எட்டிப் பார்க்கிறாள். "பத்தா? டாக்டரே அவ்வளவு சொல்லலையே!" அவன் விரல் பத்தின் மேலேயே நிற்கிறது. "ஒண்ணு போடுங்க, போதும். அடுத்த வருஷம் நானே உக்காந்து புதுப்பிச்சுக்கறேன்." சொல்லிவிட்டு மிஷினை மிதிக்கிறாள், அந்தச் சத்தம் அறையை நிறைக்கிறது. அவன் விரல் ஒன்பது, எட்டு, ஏழு என்று ஒவ்வொன்றாக இறங்கி, இரண்டில் சற்று நின்று, ஒன்றுக்கு வருகிறது.