கேப்டன் வாயில் இருந்த விசில்

கல்மேட்டில் ஒரு பாறைக்குப் பின்னால் கேப்டன் செல்வினும் அவருடைய ஜவான்களும் மாட்டிக்கொண்டு கிடந்தார்கள். எதிரே இருந்த இயந்திரத் துப்பாக்கி தலைதூக்க விடவில்லை. கீழே உள்ள பள்ளத்துக்கு ஓடிவிட்டால் பிழைத்தார்கள். ஓடச் சொல்ல வேண்டியது கேப்டன் வாயில் இருந்த பிளாஸ்டிக் விசில்.

"என்னப்பா, இன்னும் ஊதாம இருக்காரு?" என்று கேட்டது அவர் இடுப்பில் தொங்கிய தண்ணீர் பாட்டில்.

"சுடுறது ஓயட்டும்னு பாக்குறாரு" என்றது விசில். ஆனால் அதற்கே உதறல்தான். அவருடைய பற்கள் அதன்மேல் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தன. இந்த மனுஷன் எங்கே ஊதப்போகிறார், இன்றோடு நம் கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டது.

குண்டுப்பட்டை மாற்றுவதற்காகத் துப்பாக்கி சற்றே ஓய்ந்தது. உடனே பற்கள் விசிலை நறுக்கென்று கவ்வின. அது போட்ட சத்தம் மேடெல்லாம் கேட்டது. ஜவான்கள் பறந்தார்கள். ஊதியவர் கடைசியாகத்தான் கிளம்ப வேண்டும் என்பது அந்தப் படையின் வழக்கம். காலில் அடிபட்ட ஒருவனைத் தோளில் தூக்கிக்கொண்டு, குண்டுகள் மறுபடி சீறும்போதுதான் கேப்டன் பள்ளத்தில் வந்து விழுந்தார்.

அப்பாடா, எல்லோரும் உயிரோடு இருந்தார்கள். பாட்டில் கைமாறிக் கைமாறி, காலியாக அவரிடம் திரும்பி வந்தது.

"பாத்தியா! நம்ம கேப்டனுக்குப் பயம்னா என்னன்னே தெரியாது" என்று பூரித்துப் போனது பாட்டில்.

"சுத்தமாத் தெரியாது" என்ற விசில், அவர் கழுத்துக் கயிற்றில் தொங்கியபடியே, பல் பதிந்த தன் பக்கத்தை அவர் சட்டையோடு ஒட்டி மறைத்துக்கொண்டது.