தப்பான பட்டன்

"மாமா, படம் மட்டும் போதும். டிஸ்க் முழுக்க எதுக்கு?"

மாப்பிள்ளை இதை மூன்றாவது தடவையாகக் கேட்டார். மாமனாரும் மூன்றாவது தடவையாக, "முழுசா வேணும்" என்றார்.

விஷயம் இதுதான். மாமனாரிடம் நூற்றெண்பது பட டிஸ்க்குகள் இருந்தன. உலகமே டிஸ்க்கை மறந்துவிட்ட காலத்தில், இரண்டு வருடமாகத் தேடித் தேடி வாங்கிக் குவித்தவை. அலமாரி நிரம்பி, கட்டிலுக்கு அடியிலும் புகுந்துவிட்டன. அடுத்த வாரம் சின்ன ஃப்ளாட்டுக்குக் குடிபோகிறார்கள். அங்கே இவற்றுக்கு இடமில்லை. எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருவதாகச் சொல்லி, மாப்பிள்ளை லேப்டாப்பும் ஹார்ட் டிஸ்க்குமாக வந்து உட்கார்ந்திருந்தார்.

"ஒரு படத்தை ஒரே ஃபைலா எடுத்தா அஞ்சு ஜிபி. டிஸ்க்கை அப்படியே எடுத்தா நாப்பது ஜிபி. ஃபைல்னா இந்த ஒரு ஹார்ட் டிஸ்க்லயே எல்லாம் அடங்கிடும். முழுசான்னா இதே மாதிரி எட்டு வேணும் மாமா."

"எட்டு வாங்கிக்கலாம்."

மகளுக்குப் பொறுமை போய்விட்டது. "அப்பா, அந்த எச்சரிக்கை, மெனு, படம் எடுத்த கதை, இதையெல்லாம் யாரு பாக்கறா? படத்தையே நீங்க பாதியில தூங்கிடறீங்க!"

"தூங்கினா என்ன? எனக்கு முழுசா வேணும்."

"பிடிச்சா ஒரே பிடி!" மகள் அம்மாவிடம் போய் போனை நீட்டினாள். "நீ இதைப் பாரும்மா. புது வீட்டு சமையலறை."

"கண்ணாடிய எங்கயோ வச்சுட்டேன்டி. அப்புறம் பாக்கறேன்." சோபாவில் துணி மடித்துக்கொண்டிருந்த மாமியார், பேச்சைக் கணவர் பக்கம் திருப்பினார். "ரிமோட்டையே ஒழுங்காப் பிடிக்கத் தெரியாது, இதுல முழுசா வேணுமாம்! படம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அந்த மெனுவில எதையாவது தப்பா அமுக்கிடுவார். உடனே ஒருத்தன் வந்து, 'அவள் ஜன்னல் பக்கம் போகிறாள், கடிதத்தைக் கிழிக்கிறாள்'னு படம் பூரா வளவளன்னு பேசுவான். ரெண்டு வருஷமா இதே கூத்து."

"மாத்தத் தெரியலைன்னா என்ன பண்ணச் சொல்ற?" மாமனார் அசட்டுச் சிரிப்பு சிரித்தார்.

முப்பது வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் குப்பை கொட்டிய மனிதர். ஒரு ரிமோட்டுக்கு இந்தப் பாடு. மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

மாப்பிள்ளைக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அதுக்குத்தான் அத்தை சொல்றேன். ஃபைல்ல மெனுவே கிடையாது. தட்டினா நேரா படம்தான். அந்த வளவள குரலையும் எடுத்துடறேன். அப்புறம் மாமா நினைச்சாலும் தப்பா அமுக்க முடியாது."

துண்டை மடித்துக்கொண்டிருந்த மாமியாரின் கை கொஞ்சம் நின்றது.

"அப்படியா... நல்லதாப் போச்சு" என்றார்.

மாமனார் எழுந்தார். "மாப்பிள்ளை, கொஞ்சம் பால்கனிக்கு வாங்க."

கதவைச் சாத்திய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"அவளுக்குப் பார்வை மங்கிக்கிட்டே வருது. இனிமே சரியாகாதுன்னு டாக்டர் எழுதிக் குடுத்த சீட்டை பீரோவுல துணிக்கு அடியில ஒளிச்சு வச்சிருக்கா. ரெண்டு வருஷமாச்சு நான் அதைப் பாத்து. என்கிட்ட சொல்லல. சொன்னா நான் தாங்க மாட்டேன்னு நினைக்கறா. நானும் கேக்கல."

மாப்பிள்ளைக்கு அப்போதுதான் உறைத்தது. "அப்ப அந்தக் குரல்..."

"பார்வை இல்லாதவங்களுக்காகப் போடறது. திரையில நடக்கறதைச் சொல்லிக்கிட்டே வரும். எல்லா டிஸ்க்லயும் இருக்காது. அட்டையைப் படிச்சுப் பாத்துப் பாத்துத்தான் வாங்கினேன்."

மாப்பிள்ளைக்கு வெட்கமாக இருந்தது. அதை மறைக்க வேகமாகப் பேசினார். "இவ்வளவுதானே மாமா? அந்தக் குரலையும் ஃபைல்லயே சேத்துடறேன். நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம், தானாப் பேசும். ஒரு ஹார்ட் டிஸ்க்கே போதும்."

"தானாப் பேசினா, ஏன் பேசுதுன்னு கேப்பாளே! எனக்கு விஷயம் தெரியும்னு கண்டுபிடிச்சுடுவா. தப்பா அமுக்கிட்டேன்னு சொல்ல எனக்கு அந்த மெனு வேணும் மாப்பிள்ளை."

மாப்பிள்ளை உள்ளே வந்தார். முதல் டிஸ்க்கைப் போட்டு, முழுசாக நகல் எடுக்க ஆரம்பித்தார்.

"நீங்களும் அப்பா கட்சியா? உருப்பட்ட மாதிரிதான்!" மகள் முணுமுணுத்துக்கொண்டே மிச்ச டிஸ்க்குகளை எடுத்துவர அறைக்குள் போனாள்.

மாமியார் டீ கொண்டுவந்தார். மாப்பிள்ளையின் கை வந்து டம்ளரைப் பிடித்ததை உறுதி செய்துகொண்ட பிறகுதான் விட்டார். இத்தனை நாள் அது மரியாதை என்றே மாப்பிள்ளை நினைத்திருந்தார்.

பால்கனியில் மாமனார் இன்னும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மாமியார் குரலைத் தாழ்த்தினார்.

"முழுசாத்தானே எடுக்கறீங்க?"

"ஆமா அத்தை."

"அந்த மெனுவும் வரும் இல்ல?"

"வரும்."

மாமியார் மூச்சை நிம்மதியாக விட்டார்.

"வரட்டும். அவர் அமுக்கணும், நான் திட்டணும். திட்டலைன்னா, எனக்கும் தெரியும்னு அவருக்குத் தெரிஞ்சுடும். பாவம், எனக்காக மனுஷன் ரெண்டு வருஷமா எவ்வளவு கரெக்டா தப்பா அமுக்கறார்!"