புது வண்டியில் ஒரு சத்தம்

கொழுந்தன் ஜெயகணேஷின் புது பைக் தெருவில் திரும்பும்போதே டொக் டொக்கென்று கேட்டது. அந்தச் சத்தம் வந்த பிறகுதான் முத்துக்கனிக்கு ராத்திரியில் தூக்கம் வந்தது.

"வாங்குன மறுநாளே இந்த லட்சணம். தம்பிக்காரன் புதுசுல பறக்கணும், நீங்க அந்த ஓட்டை வண்டிய உதைச்சிக்கிட்டே கிடக்கணுமோ?" என்றாள் கணவன் இசக்கியப்பனிடம்.

மெக்கானிக் சிவபாலன் வீட்டுக்கே வந்தான். நிறுத்திவைத்து முறுக்கினால் சத்தம் இல்லை. பள்ளத்தில் இறங்கினால் மட்டும் டொக்.

"இஞ்சின் போயிட்டோ?" என்று ஆசையாகக் கேட்டாள் முத்துக்கனி.

"இஞ்சின் சுத்தமா இருக்குக்கா."

தரையில் படுத்து, வண்டிக்கு அடியில் கையை விட்டுத் துழாவினான். கறுப்புக் கயிற்றில் கட்டிய சின்னச் சங்கு ஒன்று வெளியே வந்தது.

"கண்ணு படாம இருக்கக் கட்டுனது. இதுதான் இடிக்கி. யாரு கட்டுனது?"

"நாங்க கட்டலையே" என்றாள் ஜெயகணேஷின் மனைவி ரம்யா.

"நான்தான்" என்றான் இசக்கியப்பன். "வண்டி வந்த அன்னைக்கே திரேஸ்புரத்துல வாங்கிக் கட்டுனேன்."

முத்துக்கனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நம்ம வண்டிக்கு ஒரு எலுமிச்சம்பழம் கட்டுனதில்ல. தம்பி வண்டிக்குச் சங்கா? அப்படி இந்தத் தெருவுல யாரு கண்ணுக்குப் பயந்திய?"

இசக்கியப்பன் தம்பியைப் பார்த்தான், சங்கைப் பார்த்தான். அவள் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை.

ரம்யா மெதுவாக மெக்கானிக்கிடம் சொன்னாள்: "அண்ணே, அதத் தூரப் போட்டுராதிய. இடிக்காம வேற எடத்துல கட்டிருங்க."