ஒரு முறம் தவிடு

"ஊசின்னா அவ்ளோ பயமா? கைய நீட்டுய்யா" என்று அதட்டினாள் ருக்மணி. "உள்ள நம்ம குப்பம்மாவுக்கு ரத்தமா போய்க்கினு கீது."

மகளுக்குத் தலைப்பிரசவம். மாப்பிள்ளை பங்காருபாளையத்துக்கு மாங்காய் ஏற்றிப் போயிருந்தான். ருக்மணிக்கே உடம்பில் ரத்தம் போதாது என்று டாக்டர் ஒதுக்கிவிட்டார். மிச்சம் இருந்தது அவள் புருசன் தணிகாசலம்தான்.

பாம்பைக் கையால் பிடிக்கிற ஆள் அவன், ஊசிக்கா பயப்படுவான்? அவர்கள் ஊர் நாராயணவனம் ஆந்திராவா தமிழ்நாடா என்று சர்க்காருக்கே தெரியாத காலம் அது. அங்கே காலையில் பஸ் ஏறும்போதே அவனுக்குத் திக்கென்றது. கூலி வேலைக்கு வரும் செங்கம்மாவையும் ருக்மணி கையோடு திருப்பதிக்கு இழுத்து வந்துவிட்டாள். கேட்டதற்கு, "துணைக்கு இருக்கட்டும்" என்றாள்.

வேண்டா வெறுப்பாகக் கையை நீட்டினான். சோதித்துப் பார்த்த சின்ன டாக்டர் நெற்றியைச் சுருக்கினார்.

"ஏமய்யா, உன் ரத்தம் ஏபி, பொண்ணோடது ஓ. ஏபி அப்பாவுக்கு ஓ பிள்ளை பிறக்காதே. சொந்த மகள்தானா?"

நர்ஸ் ருக்மணியை மேலும் கீழும் பார்த்தாள்.

தணிகாசலம் நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். பேசாமல் இருந்தால் பெண்டாட்டி மானம் போகும். பேசினால், பதினேழு வருசம் வளர்த்த மகள் அவளுக்கு மகளே இல்லை என்று ஆகிவிடும். இப்படியா ஒருத்தன் வந்து மாட்டிக்கொள்வான்?

வரிசையாக மூணு பிள்ளையைப் பறிகொடுத்தவள் ருக்மணி. நாலாவதாவது தங்கட்டும் என்று ஊர் வழக்கப்படி அதைக் குப்பைமேட்டில் போட்டு, வேறொருத்தி எடுத்துத் தர, ஒரு முறம் தவிடு கொடுத்து வாங்க ஏற்பாடு. தணிகாசலம்தான் தூக்கிப் போனான். போகிற வழியிலேயே குழந்தை மூச்சடங்கிவிட்டது.

எடுக்க வந்தவள் அவன் அழுவதைப் பார்த்தாள். அந்த வாரம்தான் அவளுக்கு ஏழாவது பெண் பிறந்திருந்தது. போய் அதைக் கொண்டுவந்து கொடுத்தாள். சடங்கு என்று ஊர் நினைத்தது, நிஜமாகவே நடந்துவிட்டது. அவர்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது என்றுதான் அவன் நம்பியிருந்தான்.

"டாக்டர், தப்பு எம்மேலதான்..." என்று தணிகாசலம் எழுந்தான்.

ருக்மணி அவன் தோளை அழுத்தி உட்காரவைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நர்ஸிடம் சொன்னாள்:

"வெளிய செங்கம்மா குந்திக்கினு கீறா. பெத்தவ ரத்தமாச்சும் சேருதான்னு பாரும்மா."