பத்து நிமிட மூச்சு

ஆலைப் புகை சுத்தம் என்று சான்று கொடுப்பவர், அதைப் பத்து நிமிடம் தானே சுவாசித்துக் காட்ட வேண்டும் என்பது சட்டம். ஒன்பது வருடமாக இங்கே அலுங்காமல் நலுங்காமல் சுவாசித்துக் கையெழுத்துப் போட்டவர் குணசீலன். சோதனைக்கு முந்தைய நாளே உலையை அணைத்துவிடுவது எங்கும் எழுதிவைக்காத வழக்கம்.

இன்று புகைக்குழாயோடு இணைந்த முகமூடி பூட்டிக்கொண்டதுமே தொண்டை தீயாய் எரிந்தது. தன்னைக் கட்டியிருந்த நாற்காலி வாரை நகம் பிய்யப் பிடுங்கினார். மூக்கிலிருந்து ரத்தம் கொட்டி முகமூடிக்குள் தேங்கியது. நேரம் முடியாமல் பூட்டு திறக்காது.

"உலைய... அணைக்கலையா?"

போன வாரம்தான் வேலைக்குச் சேர்ந்த மேலாளர் பரிமளா பதறிப்போனார்.

"எதுக்கு சார் அணைக்கணும்? ஒன்பது வருஷமா புகை சுத்தம்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க!"

இன்னும் எட்டு நிமிடம் இருந்தது.