செருப்புப் போட்ட நாரை

“இடது பக்கம் கொஞ்சம் தூக்குங்க மாப்பிள்ளை.”

மருமகன் படத்தை நேராக மாட்டினான். செருப்புப் போட்ட நாரை, குடை பிடித்த நண்டு, ஊஞ்சலாடும் தவளை. கூடத்துக்குள் வந்தவர்கள் எல்லாம் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். கிழட்டு ஓவியருக்கு உச்சி குளிர்ந்துபோனது.

கண்காட்சி ஒன்றும் இல்லை, விசாரணை. ஊருக்கு வெளியே இருக்கிற சதுப்பு நிலத்தை மண்ணடித்து மூடி வீடு கட்ட ஒரு கம்பெனி அனுமதி கேட்டிருந்தது. அங்கே பறவை கூடு கட்டுகிறது என்று காட்டிவிட்டால் கம்பெனி மூட்டை கட்ட வேண்டியதுதான். முழங்கால் சேற்றில் இறங்கி அதைப் பார்த்தவர் ஓவியர் ஒருத்தர்தான்.

லேசில் யாரையும் நம்புகிற ஆள் இல்லை அவர். பால்காரன் ஊற்றின பாலை மோந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே எடுப்பார். மருமகன் சொன்னால் மட்டும் மறுபேச்சு கிடையாது. நாரைக்குச் செருப்பு மாட்டச் சொன்னதே அவன்தான்.

“அதிகாரியும் மனுஷன்தானே மாமா? முதல்ல சிரிக்க வைப்போம். அப்புறம் பெட்டியைத் திறப்போம்.”

பெட்டியில் இருந்தவை விளையாட்டுப் படங்கள் இல்லை. எந்தப் புதரில் எந்தப் பறவை, கூடு எப்படி, முட்டை என்ன நிறம் என்று கொசுக்கடியில் உட்கார்ந்து கண்டது கண்டபடி வரைந்தவை. கரையான் அரித்துவிடும் என்று போன வாரம்தான் மருமகன் பெட்டியைத் தன் வீட்டுக்குத் தூக்கிப் போயிருந்தான்.

கம்பெனி வக்கீல் எழுந்தார். “பெரியவரே, இந்த நாரையை நேர்ல பார்த்தீங்களா?”

“பார்த்தேன்.”

“செருப்போடவா?”

கூடமே குலுங்கியது.

“செருப்பு சின்னப் பிள்ளைங்க சிரிக்கப் போட்டதுய்யா!”

“அப்போ நாரையும் அதுக்குத்தான் போட்டீங்களோ?”

அதிகாரிக்கே சிரிப்பு அடங்கவில்லை. பேனாவை மூடிக்கொண்டே கேட்டார். “வேற படம் எதுவும் இருக்கா பெரியவரே? இல்லேன்னா அனுமதி குடுத்துட வேண்டியதுதான்.”

ஓவியர் மீசைக்குள் சிரித்துக்கொண்டார். இந்த ஒரு கேள்விக்குத்தானே இவ்வளவு நேரம் கேலியைப் பொறுத்துக்கொண்டு நின்றது!

“சிரிக்கிறவங்க இப்பவே சிரிச்சு முடிச்சுக்கோங்க,” என்று திரும்பினார். “மாப்பிள்ளை, அந்தப் பெட்டியைக் கொண்டாங்க.”

பக்கத்து நாற்காலி காலி. மருமகன் எதிர்வரிசையில், வக்கீலுக்குப் பின்னால் உட்கார்ந்து கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“எந்தப் பெட்டி மாமா?”