நாடி பார்க்கும் கார்

கமலரூபனின் பழைய ஜப்பான் காரில் அவன் கைபடாத இடம் கிடையாது. கோண்டாவில் வீட்டு முற்றத்தில் வைத்தே எஞ்சினை இறக்கி ஏற்றியிருந்தான். பிரேக்கையும் கியர்பெட்டியையும் மாற்றியிருந்தான். சட்டப்படி எல்லாக் கார்களிலும் பொருத்தப்பட்ட நாடிப்பெட்டி மட்டும் அவன் வேலை அல்ல. ஓட்டுபவரின் நெஞ்சு படபடத்தால் அது காரை நிறுத்திவிடும்.

அன்று மத்தியானம் அவன் மனைவி தர்ஷிகாவுக்குப் பிரசவ வலி கண்டது. ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகும் என்றார்கள். அவளைப் பின்சீற்றில் ஏற்றிச் சாவியைத் திருப்பினான். அவள் "அம்மா" என்று முனகியதும் எஞ்சின் அணைந்தது.

"மனம் ஆறியதும் புறப்படலாம்" என்றது பெட்டி.

மறுபடி திருப்பினான், மறுபடியும் அணைந்தது. குனிந்து பெட்டியின் வயரைப் பிடித்தான்.

"வயரை வெட்டிவிடட்டே?" என்று அவளைக் கேட்டான்.

"வேண்டாம். வெட்டினா கார் பிறகு ஸ்டார்ட்டே வராதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். ஆறுதலா மூச்சை இழுத்து விடுங்கோ. எனக்கு இப்ப வலி குறைஞ்சிட்டுது."

அவன் மூச்சை இழுத்து விட்டான். கார் கிளம்பியது. அதன்பிறகு பின்னாலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அந்த அமைதியே அவனைப் பயமுறுத்தப் பார்த்தது.

"வலிக்குதே?"

"இல்லையப்பா. நீங்கள் ரோட்டைப் பாத்து ஓடுங்கோ."

ஆஸ்பத்திரி வாசலில் எஞ்சினை அணைத்தான்.

"நிப்பாட்டியாச்சே?" என்றாள்.

"ஓம்."

அதற்குப் பிறகுதான் அவள் கத்தினாள். வாசலில் நின்ற தாதி ஓடிவந்து பின்கதவைத் திறந்தாள். குழந்தையின் தலை ஏற்கெனவே வெளியே வந்திருந்தது.